மட்கார்டு யாருக்கு?



போன வாரம் நான் அனுப்பிய சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "அவ்வளவு அழகான வண்டிக்கு எதுக்கு சார் மக்காடு? லுக்கே போச்சே!" என் தங்கை மகன் ஒருபடி மேலே போய், "மாமா, ரேஸ் குதிரைக்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான். தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. அதனால் வகுப்பில் சொல்வதுபோல எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 33 வருடம் பாடம் நடத்தியவன் வாய் சீக்கிரம் மூடாது.

அந்த வண்டி என் மகனுடையது. பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசையாக வாங்கினான். டூரிங் சைக்கிள் என்பார்கள். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில் பார், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பை மாட்டக் கேரியர் வைக்க ஃபிரேமில் துளைகள், 35 மில்லிமீட்டர் அகல டயர். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் அதை ஓசூரில் நம் வீட்டுத் திண்ணையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். டாக்டர் என் முழங்காலைப் பார்த்து, "நடக்கறதைவிட உங்களுக்கு சைக்கிள் நல்லது சார்" என்றதும் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் மத்திகிரி வரை, சில நாள் கெலவரப்பள்ளி அணை வரை. கோடை முழுவதும் வண்டி தங்கம்.

மழை வந்ததும்தான் அதன் சுபாவம் தெரிந்தது. நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஆகஸ்டில் பிடித்தால் அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மழை நின்ற பிறகும் ரோட்டில் தண்ணீர் நிற்கும். ஒருநாள் அணையில் இருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றினேன். முதுகு நடுவில் இடுப்பில் இருந்து கழுத்து வரை ஒரு செம்மண் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. என் மனைவி, "ரிடையர் ஆன பிறகு சேத்துல புரள்ற வயசா உங்களுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்தக் கோடு எப்படி விழுகிறது என்று முதலில் பார்ப்போம். கணக்கு என்றதும் ஓடாதீர்கள், ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

ஈர ரோட்டில் உருளும் டயர் தண்ணீரைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு மேலே தூக்கும். ஒட்டியிருக்கும் தண்ணீர் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்காது. பிடி விட்ட இடத்தில், அந்த வட்டத்துக்குத் தொடுகோட்டின் திசையில், நேராகப் பறந்துவிடும். கவணில் கல் போவது போலத்தான். தரையை விட்ட உடனே பறக்கும் துளி ஏறக்குறைய தரையோடு பின்னால் போகும். சக்கரத்தின் பின்புறம் அச்சு உயரத்தில் பறக்கும் துளி நேரே மேலே போகும். இன்னும் மேலே ஏறிப் பறக்கும் துளி முன்னால், அதாவது ஓட்டுபவரின் முதுகுக்கு வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு சுமார் 5.6 மீட்டர். அந்த வேகத்தில் நேரே மேலே எறியப்பட்ட துளி, காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், சுமார் ஒன்றரை மீட்டர் ஏறும். அதாவது சக்கரத்தின் அச்சில் இருந்து ஐந்தடிக்கு. கழுத்து வரை கோடு விழுந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

முன்சக்கரமும் சும்மா இல்லை. அது கீழே இருந்து பின்னால் வீசும் சேறு நேரே நம் காலுக்கும், பெடல் சுற்றும் அச்சுக்கும், செயினுக்கும் வருகிறது. செயினில் எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அது உப்புத்தாள் போல அரைக்கும். உச்சி வரை ஏறிப் பறக்கும் துளி வண்டியைவிட வேகமாக முன்னால் பாய்ந்து, காற்றில் வேகம் குறைந்து, நம் முகத்துக்கே திரும்பி வரும். மழைநாளில் கண்ணில் மண் விழுவது இப்படித்தான்.

இதெல்லாம் தெரிந்தும் கம்பெனிக்காரன் ஏன் மட்கார்டு இல்லாமல் விற்கிறான்? நம் பழைய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ் ஆகட்டும், வடக்கே லூதியானாவில் இருந்து வந்த ஹீரோ ஆகட்டும், கடையில் இருந்து வெளியே வரும்போதே மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் இருக்கும். ஏனென்றால் அது வேலைக்குப் போகும் வண்டி. பால்காரர், தபால்காரர், மில் தொழிலாளி, வாத்தியார் என்று எல்லோரும் வேட்டி சட்டையோடு ஏறி வேட்டி சட்டையோடு இறங்க வேண்டும். இன்று பத்தாயிரக்கணக்கில் விற்கும் சைக்கிள்கள் பந்தய வண்டியைப் பார்த்துச் செய்தவை. பந்தயத்தில் ஓடுபவன் அழுக்கோடு போய்க் குளித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராமையும் அவன் குறைக்கப் பார்க்கிறான். அந்த மோஸ்தர் மெல்ல எல்லா வண்டிக்கும் வந்துவிட்டது. மட்கார்டு தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன்.

நம் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயை உங்களில் ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். 70 வயதைத் தாண்டியவர். வாடகை சைக்கிள் காலத்தில் இருந்து கடை நடத்துகிறார். வண்டியைப் பார்த்ததும், "என்னா சார் இது, எலும்புக்கூடு மாதிரி?" என்றார். "துணி போடத்தான் உங்ககிட்ட கொண்டுவந்திருக்கேன் பாய்" என்றேன். உள்ளே போய்ப் பழைய 28 அங்குல சைக்கிளின் இரும்பு மட்கார்டு ஜோடி ஒன்றை எடுத்து வந்தார். இந்த வண்டியின் டயரிலும் 28 என்று ஒரு அளவு எழுதியிருந்தது. அதை நம்பினார்.

இங்கேதான் ஒரு விஷயம். இரண்டும் 28 என்றாலும் இரண்டும் ஒன்று இல்லை. நம் பழைய வண்டியில் டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இந்தப் புது வண்டியில் 622. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய டயர் 40 மில்லிமீட்டர் தடிப்பு, இது 35. இரண்டையும் கூட்டினால், பழைய மட்கார்டை அப்படியே வைத்தால் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் கூடிவிடும். பாய் கணக்கெல்லாம் போடவில்லை. கையால் வைத்துப் பார்த்து, "ஒரு வெரலு ஜாஸ்தி" என்றார். அவர் விரல் என் கணக்கைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் முன் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே அந்த அகலம் நுழையவே இல்லை. எனவே இந்த அளவுக்கென்றே வரும் பிளாஸ்டிக் மட்கார்டு ஜோடியை வாங்கினேன். அகலம் 45 மில்லிமீட்டர். டயரைவிட மட்கார்டு குறைந்தது 8, 10 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் தெறிக்கும்.

மாட்டும் முறையை எழுதுகிறேன். உங்களில் சிலர் இப்போது இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறீர்கள், பயன்படும். தேவையான கருவி அதிகம் இல்லை. 4 மில்லிமீட்டர் ஆலன் கீ, 8 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஹேக்ஸா பிளேடு, அரம். 5 மில்லிமீட்டர் போல்ட்டுகள்தான் எல்லா இடத்திலும்.

முதலில் சக்கரம் ஃபிரேமில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் கோணலாக இருந்தால் மட்கார்டை எவ்வளவு நேராக மாட்டினாலும் கோணலாகத்தான் தெரியும். பின்சக்கரத்தில் தொடங்குங்கள். பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கும் துளையில் ஒரு போல்ட், சீட்டுக்குக் கீழே இருக்கும் குறுக்குக் கம்பியில் ஒன்று, பிறகு இரு பக்கமும் தாங்கு கம்பிகள். எதையும் இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் விரலால் மட்டும் முடுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக வரும்படி நகர்த்த வேண்டும். தார் ரோட்டுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் போதும். தளி, அஞ்செட்டிப் பக்கம் மண் ரோட்டில் போவோர் இன்னும் கூட்டி வையுங்கள். ஈரக் களிமண் அந்த இடைவெளியில் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. நம் பழைய சைக்கிளில் அவ்வளவு இடைவெளி விட்டிருந்தது செய்யத் தெரியாமல் அல்ல. வயல்வரப்பில் ஓட வேண்டிய வண்டி என்று தெரிந்து விட்டது.

கடைசியில்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம். மிஞ்சிய கம்பியை அறுத்து, அரத்தால் தேய்த்து, மூடி போட வேண்டும். இல்லாவிட்டால் கணுக்காலைக் கிழிக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர். மட்கார்டும் ஃபிரேமும் உரசும் இடத்தில் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வில்லை. மட்கார்டு லொடலொடக்கிறது என்று சொல்பவர்கள் பாதிப் பேர் இந்த வில்லையைப் போடாதவர்கள்.

பாதி வேலையில் ஒரு முட்டுக்கட்டை. இடது பக்கத் தாங்கு கம்பி போக வேண்டிய இடத்தில் டிஸ்க் பிரேக்கின் பிடி உட்கார்ந்திருந்தது. கம்பியை வெளியே தள்ளி மாட்ட வேண்டும். அதற்கு நடுவே ஒரு குழல் வேண்டும், 18 மில்லிமீட்டர் நீளம். பாய் நாலைந்து வாஷரை அடுக்கிப் பார்த்தார். அது ஆடியது. அப்போதுதான் சிட்கோ பக்கம் லேத் வைத்திருக்கும் என் பழைய மாணவன் நினைவு வந்தது. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெருக்கல் வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு வந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போவான். (இதைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே.)

அளவைச் சொன்னதும், "உள்விட்டம் அஞ்சரை வெச்சுக்கலாம் சார், போல்ட் ஈஸியா நுழையும்" என்றான். 12 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியைச் சக்கில் பிடித்தான். முகம் சீவி, துளை போட்டு, அறுத்து, ஓரத்தின் கூர்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காசு கேட்டதற்கு, "எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாம இருந்தா போதும் சார்" என்றான். 1980இல் இதே ஊரில் இருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்தபோது, நம் பக்கத்துப் பிள்ளைகள் இரும்பை இப்படி வெண்ணெய் போல வெட்டுவார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பெரிய கம்பெனிகளைச் சுற்றி முளைத்த இந்தச் சின்னப் பட்டறைகளில்தான் நம் ஓசூரின் பாதி கைத்திறன் இருக்கிறது.

முன்சக்கரத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஓடும்போது ஒரு குச்சியோ, கம்பித் துண்டோ டயருக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் அதை மேலே இழுக்கும். மட்கார்டு மடங்கிச் சுருண்டு ஃபோர்க்கில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் ஒரே நொடியில் நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில் பாருக்கு மேலே பறப்பார். இதற்காகவே நல்ல மட்கார்டுகளில் முன் தாங்கு கம்பிகளின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அது தானாகக் கழன்று, மட்கார்டு விலகி, சக்கரம் தொடர்ந்து சுற்றும். வாங்கும்போது அந்தக் கவ்வி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கம்பி போட்டுக் கட்டி "ஸ்ட்ராங்" ஆக்காதீர்கள். சில இடத்தில் கழன்றுபோவதுதான் அதன் பலம். இன்னொன்றும் சொல்கிறேன். முன் மட்கார்டு மாட்டிய பிறகு ஹேண்டிலைத் திருப்பிப் பெடலைச் சுற்றிப் பாருங்கள். செருப்பு நுனி மட்கார்டில் இடித்தால் மெதுவாகத் திரும்பும்போது கவிழ்த்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாய் எழுந்து போய் லாரி டியூப் ஒன்றை எடுத்துவந்து கத்தரிக்க ஆரம்பித்தார். மேலே குறுகி, கீழே அகன்று, நாக்கு மாதிரி இரண்டு துண்டு. முன்சக்கரத்துக்கு ஒன்று, சரி. அது என் காலுக்கும் செயினுக்கும். பின்சக்கரத்துக்கு எதற்கு?

"பின்னாடி எனக்கு எதுவும் தெறிக்கலையே பாய். மட்கார்டே போதுமே?"

அவர் நிமிராமலே சொன்னார்: "உங்களுக்கு இல்ல சார். பின்னாடி வர்றவனுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மேலே நான் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். தரையை விட்ட உடனே பறக்கும் துளி எங்கே போகிறது? பின்னால். ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்ற மட்கார்டு சக்கரத்தின் மேல் பாதியை மூடினாலே போதும். அதற்குக் கீழே தொங்கும் கடைசி ஆறு அங்குலம் ஓட்டுபவருக்கு ஒரு உதவியும் செய்யாது. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவருக்காக. இங்கிலாந்தில் சைக்கிள் குழுக்கள் மழைக்காலத்தில் வரிசையாகப் போகும்போது மட்கார்டு இல்லாதவரைக் கடைசியில் ஓட்டச் சொல்வது பல இடங்களில் வழக்கம். அங்கே அது குழு மரியாதை. பாய்க்கு எந்தக் குழுவும் தெரியாது. ஷிப்ட் முடிந்து கும்பல் கும்பலாக சைக்கிள்கள் போன காலத்து சிப்காட் ரோடு தெரியும்.

வண்டிக்குப் பின்னால் இருப்பவரின் துணியை நினைப்பது சட்டத்துக்கும் தெரிந்த விஷயம்தான். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சாரி கார்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூட வேண்டும் என்கிறது. ஓட்டுபவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. பின்னால் ஒரு ஆள் இருப்பார் என்று வண்டி செய்பவன் நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மட்கார்டு அலங்காரம் இல்லை என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் எழுதிச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தளிப் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். அப்போது நாம் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது 2004இல். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றிலும் தப்பில்லாமல் சண்டை போடுவாள். ஏழெட்டுக் கிலோமீட்டர், பஸ் சரியாக இல்லை. அவள் அப்பா எங்கேயோ ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கக் கிராமத்தில் பெண்பிள்ளை சைக்கிளில் போவதே பேச்சுக்குரிய விஷயம். 1991-92இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை ஆசிரியர் கூட்டங்களில் பேசிக்கொள்வோம். நம் பக்கம் அந்தக் காற்று அவ்வளவாக அடிக்கவில்லை.

அந்த வண்டியில் பின் மட்கார்டு இல்லை. துரு தின்று விழுந்துவிட்டது. சீருடை நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாவணி. அவளிடம் இருந்தது ஒரே ஒரு செட்.

அவள் தம்பி என் வகுப்பில் படித்தான். அக்டோபர் மாதம். "அக்கா ஸ்கூலுக்குப் போனாளாடா?" என்று சும்மா கேட்டேன். "இல்ல சார், ஜுரம்" என்றான். அடுத்த வாரமும் ஜுரம். அதற்கடுத்த வாரம் அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஜுரம் எல்லாம் இல்ல சார். மழை பெய்ஞ்சா போகமாட்டேங்குறா. பின்னாடி தாவணி, பாவாடை எல்லாம் செகப்பா ஆகிடுது. பசங்க என்னமோ சொல்லிச் சிரிக்கிறாங்களாம். வீட்டுக்கு வந்து அழுவுறா."

பதினான்கு வயதுப் பெண்ணின் உடையில் பின்னால் சிவப்புக் கறை. பையன்கள் என்ன சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் மாணவிகளுக்கு நிச்சயம் வேண்டியதில்லை. வெறும் மண். நம் தளிச் செம்மண். ஆனால் அதைத் துடைத்துக்கொண்டு உள்ளே போக அவளால் முடியவில்லை.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் பாவம், ஜுரம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால், "படிச்சது போதும்" என்று நிறுத்தியிருப்பார். அந்த ஊரில் பல பெண்பிள்ளைகளின் படிப்பு அப்படித்தான் நின்றது, ஒரு காரணமும் வெளியே தெரியாமல். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் சைக்கிள் கடைக்குப் போனோம். பழைய மட்கார்டு ஒன்றைத் தட்டி நேராக்கி, இரண்டு கம்பியும் நாலு போல்ட்டும் போட்டு மாட்டினார் கடைக்காரர். அடியில் ஒரு ரெக்சின் நாக்கு. அரைமணி நேர வேலை. டீச்செலவு அளவுக்கான காசு.

அதற்குப் பிறகு மழைநாளில் அந்தப் பெண்ணுக்கு ஜுரம் வரவில்லை. பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். மட்கார்டினால்தான் பாஸானாள் என்று சொல்ல மாட்டேன். படித்தது அவள், வண்டி மிதித்தது அவள். ஆனால் வாசல் வரைக்கும் வந்தவளை உள்ளே விடாமல் தடுத்தது ஒரு முழக் கறை. அந்தக் கறையைத் தடுத்தது ஒரு தகரத் துண்டு. ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்று ஆசிரியர் பயிற்சியில் எத்தனையோ காரணம் படித்தோம். வறுமை, பெற்றோர் அறியாமை, உடல்நலம். மட்கார்டு அந்தப் பட்டியலில் இல்லை.

2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது வந்தபோது நான் முதலில் பார்த்தது அதன் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் அல்ல. பின்னால் குனிந்து பார்த்தேன். முழு மட்கார்டு இருந்தது. செயின் கவர் இருந்தது. யாரோ ஒரு அதிகாரி அந்தப் பட்டியலை எழுதும்போது பிள்ளைகள் சீருடையோடு போவார்கள் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

ஆகவே என் தங்கை மகனே, ரேஸ் குதிரைக்குப் பாவாடை கட்டியதாகவே இருக்கட்டும். அந்தக் குதிரை எனக்குத் தேவையில்லை. எனக்கு வேண்டியது ஊருக்குள் நாலு பேர் மத்தியில் போய் வரும் வண்டி.

மட்கார்டு மாட்டிய பிறகு உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை வரை போய் வந்தேன். முந்தின இரவு நல்ல மழை. தக்காளி ஏற்றிய வண்டிகள் போய்ப் போய் ரோடு சேறாகிக் கிடந்தது. ராயக்கோட்டையில் டீக்கடையில் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது. திரும்பும் வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் என் பின்னாலேயே வெகுதூரம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர்க்காற்று, முன்னால் ஒரு கிழவன் போனால் அவர்களுக்குச் சுலபம். பிரியும் இடத்தில் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சட்டையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

கடைசியாக நடைமுறைக் குறிப்புகள் சில. மட்கார்டு மாட்டி முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், கட்டாயம் ஒன்றாவது தளர்ந்திருக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை போதும். கேரியரும் மட்கார்டும் ஒரே துளையில் வந்தால் கேரியரை உள்பக்கமும் மட்கார்டை வெளிப்பக்கமும் வையுங்கள். சுமை தாங்குவது ஃபிரேமுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ரப்பர் நாக்கு தரையில் இருந்து ஒரு கை அகலத்துக்கு மேலே இருக்கட்டும். வேகத்தடையில் இடிக்காது. பின் மட்கார்டின் அடியில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று ஒட்டுங்கள். நம் சர்வீஸ் ரோட்டில் இருட்டில் வரும் லாரிக்காரருக்கு அது ஒன்றுதான் நம் முகவரி.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு அந்த 18 மில்லிமீட்டர் குழல் வேண்டும் என்பவர்கள் எனக்குச் சொல்லுங்கள். லேத்காரத் தம்பி இன்னும் பத்துக் கடைந்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வீட்டுக்கு வாருங்கள், டீ குடித்துக்கொண்டே மாட்டிவிடலாம். உங்கள் தெருவில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அந்த வண்டியையும் தள்ளிக்கொண்டு வாருங்கள். பாயிடம் இரும்பு மட்கார்டு ஜோடி நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்